யாழ்ப்பாணத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணம் போகப்போகிறேன் என்று சொன்னால் நம் ஊரில் இரண்டு கேள்விகள் வரும். "இப்போது போகலாமா, பிரச்சினை ஒன்றும் இல்லையே?" என்பது ஒன்று. "அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. போர் 2009இல் முடிந்துவிட்டது, குடும்பத்தோடு தாராளமாகப் போகலாம். இரண்டாவது கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நான் தமிழ்நாட்டிலிருந்து மூன்று முறை போய்வந்தேன். முதல் முறை போனபோது, மொழி நம் மொழி, கோயில் நம் கோயில், அதனால் ஊரும் தெரிந்த ஊர்தான் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். அந்த நினைப்பை விடுவதற்கு எனக்கு நான்கு நாள் ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு நாள் வீணாக வேண்டாம்.

எப்போது போவது

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்காலம். கப்பலும் படகும் அடிக்கடி நின்றுபோகும். தை முதல் பங்குனி வரை நல்ல காலம். வெயில் கடுமையாக இருக்காது, நிலமும் பச்சையாக இருக்கும். தைப்பொங்கல் அன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டத் திருவிழா நடக்கும். ஆள் உயரத்தைத் தாண்டிய பட்டங்கள், காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் 'விண்' கட்டி ஏற்றினால் கூவிக்கொண்டே மேலே போகும். அதற்காகவே ஒருமுறை போகலாம். சித்திரைக்கு மேல் வெயில் ஏறும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று தொடங்கினால் புழுதி பறக்கும்.

நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும், ஆவணி அமாவாசையோடு முடியும். அந்த நாள்களில் வெளிநாடுகளிலிருந்து பிள்ளைகள் எல்லாம் ஊர் திரும்புவார்கள். ஊர் நிறைந்திருப்பதைப் பார்க்க வேண்டுமானால் அப்போது போங்கள். ஆனால் தங்குமிடத்தை இரண்டு மூன்று மாதம் முன்பே பிடித்துவிட வேண்டும்.

எந்த வழியாக உள்ளே போவது

முதலில் ஈடிஏ எனப்படும் பயண அனுமதியை இணையத்தில் வாங்கிவிடுங்கள். விதிகள் அடிக்கடி மாறுவதால் புறப்படும் வாரத்தில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

சென்னையிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் உள்ள பலாலிக்குச் சிறிய விமானம் இருக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரலாம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. நான்கு மணி நேரப் பயணம். கடல் கொந்தளித்தால் ஓடாது, அதனால் திரும்பும் தேதியை இறுக்கமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது வழி கொழும்பு போய் அங்கிருந்து ரயிலில் போவது. நேரம் அதிகம்தான், 400 கிலோமீட்டர், ஆறு ஏழு மணி நேரம் ஆகும். இருந்தாலும் போகும்போதோ வரும்போதோ ஒரு தடவையாவது இந்த வழியில் போங்கள் என்று வற்புறுத்துவேன். 1990இல் நின்ற ரயில் 2014 அக்டோபரில்தான் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குப் போய்விட்டன. பாதையைப் புதிதாகவே போட வேண்டியிருந்தது. இதைத் தெரிந்துகொண்டு ஜன்னல் ஓரம் உட்காருங்கள்.

கிளிநொச்சி தாண்டியதும் புத்தகத்தை மூடி வையுங்கள். இரண்டு பக்கமும் ஆழமில்லாத நீர்ப்பரப்பு வரும். அதுதான் ஆனையிறவு. தீவகற்பத்துக்குள் நுழையும் இந்த ஒடுக்கமான நிலத்துக்காக 1991, 2000, 2009 என்று மூன்று முறை பெரும் சண்டை நடந்தது. அப்புறம் பளை, முகமாலை. இங்கே பனைமரங்களைப் பாருங்கள். செல்லடியில் தலை போன பனைகள் வெறும் கம்பமாக நிற்கும், பக்கத்திலேயே வடலிகள் வளர்ந்திருக்கும். முகமாலை பல ஆண்டுகள் முன்னரங்காக இருந்த இடம். போர் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகும் அங்கே ஆட்கள் முழங்காலிட்டு மண்ணைக் கிளறி மிதிவெடி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நகரம் நெருங்கும்போது நாவற்குழிப் பாலம் வரும். 1995 அக்டோபர் 30 அன்று, இராணுவம் நெருங்கியபோது, யாழ்ப்பாண நகரம் உள்ள வலிகாமத்து மக்கள் லட்சக்கணக்கில் ஒரே இரவில் வீட்டைப் பூட்டிக்கொண்டு, கொட்டும் மழையில், இந்த வழியாகத்தான் கிழக்கே உள்ள தென்மராட்சிக்கு நடந்தார்கள். ஊரில் யாராவது "இடப்பெயர்வு" என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் இந்த இரவைத்தான் சொல்கிறார்கள். அதன் பக்கத்தில் செம்மணி. அங்கே சித்துப்பாத்தி மயானத்தில் 2025இல் தோண்டியபோது 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன, குழந்தைகளுடையதும் அதில் உண்டு. ரயிலில் யாழ்ப்பாணத்துக்குள் நுழைபவர் எவரும் இந்த வழியைக் கடந்துதான் போகிறார்.

தங்குவதும் சுற்றுவதும்

பெரிய ஹோட்டல்கள் வந்துவிட்டன. ஆனாலும் நல்லூர்ப் பக்கம் ஏதாவது ஒரு வீட்டில் அறை எடுங்கள். கிணற்றடி, முற்றம், மாமரம் உள்ள வீடுகள் நிறைய இருக்கின்றன. காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும் கிடைக்கும். வீட்டுக்காரர்களோடு பழக்கமும் ஏற்படும், அதுதான் முக்கியம்.

நகருக்குள் சைக்கிள் போதும். நிலம் மட்டமானது, மேடு பள்ளம் கிடையாது. வீட்டுக்காரரிடம் கேட்டாலே ஒன்று எடுத்துத் தருவார்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பெட்ரோல் இல்லாமல் ஊர் முழுக்கச் சைக்கிளில்தான் ஓடியது. பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். வானொலிக்குப் பேட்டரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டார்கள். தூரத்துக்கு பஸ் நிலையத்திலிருந்து எல்லாத் திசைக்கும் பஸ் உண்டு. ஓட்டோவுக்கு ஏறும் முன்பே விலை பேசிக்கொள்ளுங்கள்.

முதல் நாள்: நூலகம், கோட்டை

முதல் நாள் வேறெதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். மாலை வெயில் தாழ்ந்ததும் பொது நூலகத்துக்குப் போங்கள். 1933இல் ஒரு தனி மனிதர் தன் வீட்டில் தொடங்கிய சிறிய வாசகசாலை அது. ஊர் கூடிப் பணம் சேர்த்து, சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வடிவமைப்பில், 1959இல் பெரிய கட்டடமாகத் திறந்தார்கள். நூலகத் துறையின் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனும் ஆலோசனை சொன்னார். நாம் பெருமைப்பட்டுக்கொள்ள நம் ஊர்ப் பங்கு இங்கே இவ்வளவு இருக்கிறது.

1981 மே முடிந்து ஜூன் பிறக்கும் நாள்களில், தேர்தல் காவலுக்கென்று வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட பொலிஸார் ஊருக்குள் வெறியாட்டம் போட்டார்கள். அப்போது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அருகிலிருந்த பத்திரிசியார் கல்லூரி மாடியிலிருந்து அந்தத் தீயைப் பார்த்த தாவீது அடிகள் என்ற பன்மொழி அறிஞர் அங்கேயே உயிர்விட்டார் என்று சொல்வார்கள். திருத்தும் வேலை தொடங்கிய பிறகும் போரில் மறுபடி அடிபட்டது. எரிந்த கட்டடத்தை அப்படியே நினைவாக விட்டுவிட வேண்டும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள், பிள்ளைகள் படிக்க நூலகம் வேண்டும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். கடைசியில் வெள்ளைக் கட்டடம் மறுபடி எழுந்தது.

இன்று போகிறவருக்குத் தீயின் தடம் கண்ணில் படாது. வாசலில் சரஸ்வதி, உள்ளே மேசை மேசையாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஆகவே அங்கே போய், "எரிந்தது எந்த இடம்?" என்று சத்தமாகக் கேட்காதீர்கள். அது இன்றும் படிக்கிற இடம். சுற்றிப் பார்ப்பவர்களுக்குத் தனி நேரம் வைத்திருக்கிறார்கள், வாசலில் கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

அங்கிருந்து கோட்டை நடை தூரம். போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியதை, 1658இல் பிடித்த ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், ஐந்து முனைக் கோட்டையாக மாற்றினார்கள். சுவர்க் கற்களை உற்றுப் பாருங்கள், பெரும்பாலும் முருகைக்கல், கடலுக்குள் இருந்து வந்தது. உள்ளே ஒல்லாந்தர் கட்டிய பெரிய தேவாலயம் ஒன்று இருந்தது. 1990இல் கோட்டைக்குள் இருந்த இராணுவத்தைப் புலிகள் மாதக்கணக்கில் முற்றுகையிட்டபோது அது சிதைந்தது. இப்போது இடிபாடுதான். மதில்மேல் ஏறி மேற்கே பார்த்து உட்காருங்கள். கீழே கடல்நீரேரி, இடுப்பளவு தண்ணீரில் வலையோடு நிற்கும் மீனவர்கள், தீவுகளுக்குப் போகும் பண்ணைப் பாலம். யாழ்ப்பாணத்தில் சூரியன் மறைவதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. இளம் சோடிகளும் குடும்பங்களும் பண்ணைப் பக்கம் காற்று வாங்க வந்திருப்பார்கள். அந்த வடிவான மாலையைத் தயங்காமல் அனுபவியுங்கள். ஊர்க்காரர்களே அனுபவிக்கிறார்கள்.

இரண்டாம் நாள்: நகரத்துக்குள்

காலையில் நல்லூர். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், பெண்களுக்குச் சேலையோ பாவாடை தாவணியோ சுடிதாரோ நல்லது. அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். பூசை மணி சொன்னால் சொன்னபடி நடக்கும், ஐந்து நிமிடம் பிந்திப் போனாலும் காத்திருக்க மாட்டார்கள். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1621இல் இடித்தார்கள், இப்போதைய கோயில் 18ஆம் நூற்றாண்டில் எழுந்தது. கோயிலிலிருந்து கொஞ்சத் தூரத்தில், யாழ்ப்பாண அரசர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் சங்கிலியன் தோப்பு வளைவும் மந்திரிமனையும் இருக்கின்றன. பார்க்க அதிக நேரம் பிடிக்காது.

நல்லூர் வீதியில்தான் 1987 செப்டம்பரில் புலிகள் இயக்கத்துத் திலீபன் தண்ணீரும் குடிக்காமல் உண்ணாநோன்பு இருந்து பன்னிரண்டாம் நாள் இறந்தார். கோரிக்கைகள் இந்திய அரசை நோக்கியவை. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாம் இந்தியாவிலிருந்து போகிறவர்கள். அடுத்த மாதம், தீபாவளி நாளில், இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் சுமார் 70 பேர் இறந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 21 அன்று ஆஸ்பத்திரி ஊழியர்கள் அவர்களை நினைவுகூர்கிறார்கள். அது நோயாளிகள் வந்துபோகும் ஆஸ்பத்திரி, பார்க்கப் போக வேண்டாம். ஆனால் அந்த வாசலைக் கடக்கும்போது தெரிந்திருக்க வேண்டும். எனக்கு இதை யாரும் பள்ளியில் சொல்லித்தரவில்லை, அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் ஐந்து சந்திப் பக்கம், சோனகர் தெருவுக்குப் போங்கள். 1990 அக்டோபர் 30 அன்று இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் புலிகள் வெளியேற்றினார்கள். கையில் சொற்பப் பணம், உடுத்த துணி, அவ்வளவுதான். சில குடும்பங்கள் திரும்பி வந்திருக்கின்றன, பள்ளிவாசல்கள் மறுபடி இயங்குகின்றன, ஆனால் கூரையில்லாத வீடுகளும் நிற்கின்றன. 1990, 1995, இரண்டு வெளியேற்றத்துக்கும் ஒரே தேதி. ஒன்றை நினைத்துக்கொண்டு இன்னொன்றை மறைக்கிற பயணி இந்த ஊரைப் பாதிதான் பார்த்திருக்கிறார் என்பது என் எண்ணம். அங்கே ஒரு கடையில் தேத்தண்ணி குடியுங்கள். கதைக்க விரும்பினால் அவர்களே கதைப்பார்கள்.

பழைய பூங்காவில், பெரிய மரங்களுக்கு நடுவே, பழைய கச்சேரி, அதாவது அரசு நிர்வாக அலுவலகக் கட்டடத்தின் இடிந்த சுவர்கள் நிற்கின்றன. மாலை வெளிச்சத்தில் அழகாக இருக்கும். கல்யாணப் படம் எடுக்கக்கூட வருகிறார்கள்.

மூன்றாம் நாள்: வடக்குக் கரை

காங்கேசன்துறை, கீரிமலை, 20 கிலோமீட்டர் அளவு. கீரிமலையில் கடலை ஒட்டி நன்னீர் ஊற்றுக் கேணி இருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் உப்புக் கடல், கேணிக்குள் நல்ல தண்ணீர். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். மாற்று உடை எடுத்துப் போங்கள். அருகில் நகுலேஸ்வரம் கோயில்.

இந்தப் பகுதி 1990 முதல் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்தது. மக்களை எழுப்பிவிட்டு இராணுவம் பிடித்த நிலத்தைத் துண்டு துண்டாகத்தான் விடுகிறார்கள். பலாலி வீதியின் ஒரு பகுதி 2025 ஏப்ரலில்தான், அதுவும் பகலில் மட்டும், திறக்கப்பட்டது. வழியில் கூரை போய், அறைக்குள் மரம் வளர்ந்த வீடுகள் வரும். வெறும் இடிபாடு என்று உள்ளே நுழைந்து படம் எடுக்காதீர்கள். அதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், எங்கேயோ வாடகை வீட்டில் இருந்துகொண்டு உறுதிப் பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருப்பார்.

இரண்டு விதிகள், இவற்றில் சலுகை எடுக்க வேண்டாம். முகாம், காவலரண், கடற்படைப் படகு எதையும் படம் எடுக்காதீர்கள், டிரோன் பறக்கவிடாதீர்கள். அடுத்தது, சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டு 'மிதிவெடி' என்று எழுதியிருந்தால் ஓர் அடிகூட உள்ளே வைக்காதீர்கள். பலகை இல்லாவிட்டாலும், புதர் மண்டிய வெற்றுக் காணிக்குள் ஒதுங்க வேண்டாம், நடைபாதை விழுந்த தடத்தில் மட்டும் நடங்கள். கடவுச்சீட்டின் நகல் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

நான்காம் நாள்: நெடுந்தீவு

நேரம் இல்லையென்றால் நயினாதீவோடு நிறுத்திக்கொள்ளலாம். குறிகட்டுவான் படகுத்துறையிலிருந்து கால் மணி நேரம், நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் அங்கே இருக்கின்றன. ஒரு முழு நாள் இருந்தால் நெடுந்தீவுக்குப் போங்கள். ஒரு மணி நேரப் படகு. மண் பூசாமல் முருகைக்கல்லை அடுக்கியே கட்டிய வேலிகள், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து வரும் பரம்பரைக் காட்டுக் குதிரைகள், ஆள் உள்ளே நிற்கக்கூடிய பெருக்கமரம் (பாவோபாப்). 1985 மே 15 அன்று, இதே கடலில், குமுதினி என்ற படகில் போன பயணிகளை இலங்கைக் கடற்படையினர் குழந்தைகள் என்றும் பாராமல் வெட்டிக் கொன்றார்கள். அவர்களுக்குத் தீவில் நினைவிடம் இருக்கிறது. இறங்கியதும் முதல் வேலையாகக் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.

சாப்பாடு

ஒடியல் கூழ் ஒருமுறையாவது. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் மீன், நண்டு, இறால், பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளி எல்லாம் போட்டுக் காய்ச்சுவார்கள். பனையோலையில் மடித்த பிளாவில் ஊற்றிக் குடிப்பது முறை. கடையில் கிடைப்பதைவிட வீட்டில் காய்ச்சுவதே கூழ். வீட்டுக்காரர் "இண்டைக்குக் கூழ் காய்ச்சுவம்" என்றால் மற்ற எல்லாத் திட்டத்தையும் தள்ளிப்போடுங்கள். நண்டுக்கறி, இறால் குழம்பு, பிட்டு, கொத்து ரொட்டி, பருத்தித்துறை வடை, காலம் வாய்த்தால் கறுத்தக்கொழும்பான் மாம்பழம். காரம் நம் காரத்துக்கு ஒரு படி மேல்.

கதைப்பது எப்படி

எனக்குத் தெரிந்து வழிகாட்டிகளில் எழுதாமல் விடுகிற பகுதி இது. முதல் முறை நான் தங்கிய வீட்டில், முதல் மாலையே அந்த அம்மாவிடம், "போரில் உங்கள் வீட்டில் யாருக்கும் ஏதாவது ஆயிற்றா?" என்று கேட்டுவிட்டேன். அக்கறையாகத்தான் கேட்டேன். அவர் முகம் மாறவில்லை. "அது பேந்து கதைப்பம் தம்பி, முதல்ல சாப்பிடுங்கோ" என்று எழுந்து போனார். இரண்டு நாள் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. மூன்றாம் இரவு மின்சாரம் போயிற்று. நான் கைப்பேசி விளக்கைத் தேடியபோது அவர் திண்ணையில் உட்கார்ந்தபடி, "இதெல்லாம் ஒரு இருட்டோ?" என்றார். அப்புறம் அவராகவே தொடங்கினார். மண்ணெண்ணெய் தங்கமாக இருந்த காலத்தில் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் பஞ்சும் போட்டு ஏற்றும் விளக்கு. "என்ரை பிள்ளையள் ரெண்டு பேரும் உந்த வெளிச்சத்திலைதான் படிச்சவை." அதில் ஒருவர் இப்போது எங்கே என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

செத்தவீட்டுக்குப் போனால் நாம் என்ன செய்வோம்? பக்கத்தில் உட்காருவோம், அவர்கள் பேசினால் கேட்போம். அதையே செய்யுங்கள். "இயக்கத்தில் யாராவது இருந்தார்களா?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி இன்றும் ஒருவருக்கு ஆபத்தாக முடியலாம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தோடு தாய்மார் உட்கார்ந்திருக்கும் போராட்டத்தைப் பார்த்தால் நின்று வணங்குங்கள், அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நம் ஊர் மேடைப் பேச்சை அங்கே கொண்டுபோக வேண்டாம். நாங்கள் உங்களுக்காக அழுதோம் என்று நாம் சொன்னால், பதிலுக்கு நம்மைத் தேற்றும் வேலையும் அவர்கள் தலையில்தான் விழும்.

அவர்கள் பேச்சில் சில சொற்களைப் பிடித்துக்கொண்டால் உதவும். கதைப்பது என்றால் பேசுவது, ஓம் என்றால் ஆமாம், வெளிக்கிடுவது என்றால் புறப்படுவது. "நீர்" என்று யாராவது அழைத்தால் அது புத்தகத் தமிழல்ல, நெருக்கமானவர்களையும் இளையவர்களையும் அன்போடு அழைக்கும் வழக்கம். பெரியவர்களை ஐயா, அம்மா, கொஞ்சம் மூத்தவர்களை அண்ணை, அக்கா என்று கூப்பிடலாம். ஆனால் அவர்களுடைய பேச்சை நடித்துக் காட்டாதீர்கள், நம் பேச்சு அவர்களுக்கு நன்றாகவே விளங்கும்.

புறப்படும் நாளில்

கடைசி நாள் காலை சந்தைக்குப் போங்கள். ஒடியல், புழுக்கொடியல், நல்லெண்ணெய், மிளகாய்த்தூள் எல்லாம் கிடைக்கும். பனங்கட்டி கேட்டால் சின்னச் சின்ன ஓலைக் குட்டான்களில் கட்டித் தருவார்கள். வெயிலில் இளகும், எறும்பும் வரும், அதனால் குட்டானோடு சேர்த்து ஒரு டப்பாவில் போட்டு மூடிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். தங்கிய வீட்டில் சொல்லிக்கொள்ளும்போது "போகிறேன்" என்று சொல்லாதீர்கள். "போயிட்டு வாறன்" என்று சொல்லுங்கள். அவர்கள் வாசல் படலை வரை வந்து நிற்பார்கள்.